பதினெட்டு செடி வாங்கினேன், தோட்டம் மட்டும் வரவில்லை

கேள்வி: வீட்டுக்கு முன்னால் 20 அடிக்கு 12 அடி மண் தரை இருக்கிறது. நர்சரிக்குப் போகும்போதெல்லாம் பிடித்ததை ஒவ்வொன்றாக வாங்கி, இதுவரை 18 வகை நட்டுவிட்டேன். பாதி காய்ந்துவிட்டது, மீதி அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது. பூத்தாலும் தோட்டம் மாதிரித் தெரியவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?

பதில்: பிடுங்க வேண்டாம். ஆனால் ஒரு மாதத்துக்கு நர்சரி பக்கமே போகாதீர்கள். பூத்துக் குலுங்குகிற செடியைப் பார்த்து மயங்கி வாங்கி வந்து, அப்புறம் அதை எங்கே நடலாம் என்று தொட்டியோடு சுற்றி வருவது எல்லோரும் செய்கிற காரியம்தான் (நானும்தான்), அதனால்தான் காய்கிறது. முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும், செடி கடைசி.

வீட்டில் இருக்கிற ஒரு நாளில் காலை 8 மணி, மதியம் 12, மாலை 4 என்று மூன்று முறை வெளியே போய் நிழல் முடிகிற ஓரத்தில் கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் தூவி வையுங்கள். எந்த மூலைக்கு எத்தனை மணி நேரம் வெயில் என்று மண்ணிலேயே படமாகத் தெரிந்துவிடும். ரோஜா, ஜினியா, செண்டுமல்லி எல்லாம் நேரடி வெயில் 6 மணி நேரமாவது கேட்கும். நந்தியாவட்டையும் காசித்தும்பையும் அதில் பாதி கிடைத்தாலும் சமாளித்துக்கொள்ளும். உங்களிடம் காய்ந்துபோனதில் சிலது இடம் மாறி நின்றதாகத்தான் இருக்கும். இன்னொன்று, சூரியன் வருடம் முழுக்க ஒரே பாதையில் போவதில்லை, ஆறு மாதம் கழித்து இதே சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

அடுத்து, கட்டம் போட்ட தாள் ஒன்றில் ஓர் அடிக்கு ஒரு கட்டம் என்று வரைந்துகொள்ளுங்கள். முதலில் வரைய வேண்டியது நடைபாதை, செடி இல்லை. இரண்டடி அகலமாவது வேண்டும், தண்ணீர் வாளியோடு நடக்க வேண்டுமே. பாத்தியின் அகலத்தை உங்கள் கைதான் முடிவு செய்யும்: ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டக்கூடிய பாத்தி என்றால் இரண்டு, இரண்டரை அடி போதும், இரண்டு பக்கமும் நடக்க முடிந்தால் 4 அடி வரை போகலாம். அதற்கு மேல் போனால் நடுவில் களை வளரும், நீங்கள் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள்.

இனி செடி. 18 வகையை ஆறாகக் குறைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் மூன்றோ ஐந்தோ வாங்கி ஒரே கொத்தாக நடுங்கள். ஒரு செண்டுமல்லி தனியாக நின்றால் வழிதவறி வந்த மாதிரி இருக்கும், ஐந்து சேர்ந்து நின்றால்தான் கண்ணுக்கு ஒரு நிறமாகத் தெரியும். இங்கிலாந்தில் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) என்றொரு தோட்டக்கலைஞர் இருந்தார், முதலில் ஓவியம் கற்றவர், பார்வை வேறு மங்கிக்கொண்டே வந்தது. அவர் பூக்களைப் புள்ளி புள்ளியாக வைக்காமல் தூரிகையால் இழுத்த மாதிரி நீள நீளமாகத்தான் நட்டார். அதே கொத்தைப் பாதையின் மறுபக்கமும் ஒருமுறை வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே தோட்டமாகச் சேர்ந்துகொள்ளும்.

உயரமானது பின்னால், குட்டையானது முன்னால் என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்தும் எல்லோரும் தவறுவது இடைவெளியில். கையடக்கமாக வந்த செம்பருத்தி இரண்டு வருடத்தில் நாலைந்து அடிக்குப் பரந்துவிடும், அந்த அளவை இப்போதே தாளில் வட்டமாகப் போட்டுவிடுங்கள், சுவரிலிருந்தும் இரண்டடி தள்ளியே நடுங்கள். நட்ட அன்று தோட்டம் மொட்டையாகத்தான் தெரியும். தெரியட்டும். முதல் வருடம் அந்த இடைவெளியில் ஜினியா, காஸ்மாஸ் விதையைத் தூவிவிட்டால் இரண்டு மாதத்தில் பூத்து மானத்தைக் காப்பாற்றும்.

கேள்வி: வேலை முடிந்து வீட்டுக்கு வரவே பொழுது சாய்ந்துவிடுகிறது. சிவப்பு ரோஜாவும் சிவப்புச் செம்பருத்தியும்தான் வைத்திருக்கிறேன், என் கண்ணில் படுவதே இல்லை.

பதில்: படாது. வெளிச்சம் மங்க மங்க நம் கண் முதலில் கைவிடுவது சிவப்பைத்தான். பகலில் பளிச்சென்று தெரிந்த சிவப்புப் பூ இருட்டத் தொடங்கியதும் கறுத்துப்போய் இலையை விட மங்கலாகிவிடும். இதைக் கவனித்துச் சொன்ன செக் நாட்டு உடலியல் அறிஞர் பெயராலேயே இதைப் புர்கின்யே விளைவு என்கிறார்கள். செம்பருத்தி வேறு சாயங்காலத்துக்குள் சுருங்க ஆரம்பித்துவிடும். நீங்கள் வெள்ளைக்கு மாறிவிடுங்கள், கூடவே மணத்துக்கும். மல்லிகை, முல்லை, சம்பங்கி மூன்றும் நீங்கள் வரும் நேரத்துக்குத்தான் மணக்கத் தொடங்கும். அந்திமந்தாரை 4 மணிக்கு மேல்தான் கண்ணையே திறக்கும். இவற்றைத் தோட்டத்தின் மூலையில் வைக்காமல் நீங்கள் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ரோஜாவை எடுக்க வேண்டாம், லீவு நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: சாமந்தி ஆளுயரத்துக்கு வளர்கிறது, ஆனால் மொட்டே இல்லை. அதே நாற்றை வாங்கிய பக்கத்து வீட்டில் பூத்துத் தள்ளுகிறது. உரம் போதவில்லையா? எங்கள் செடி வாசல் விளக்கின் கீழே இருக்கிறது.

பதில்: கடைசி வரியில் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள். சாமந்தி இரவின் நீளத்தைக் கணக்குப் பார்க்கும் செடி, தொடர்ந்து நீண்ட இருட்டு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும். விளக்கு இரவெல்லாம் எரிந்தால் அதற்கு இன்னும் பொழுதே சாயவில்லை. இருட்டான பக்கத்துக்கு மாற்றுங்கள், அல்லது விளக்கை அணையுங்கள். உரம் இப்போதைக்கு வேண்டாம், அதிலும் யூரியா மாதிரி தழைச்சத்து மிகுந்ததைப் போட்டீர்களென்றால் செடி இன்னும் இலையாகவே தள்ளிக்கொண்டிருக்கும்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தையும் ஒரு நாய்க்குட்டியும் இருக்கிற வீடு. வேலியோரம் அரளி வைக்கலாமா? கேட் பக்கம் காகிதப்பூ?

பதில்: அரளி வேண்டாம். இலை, பூ, தண்டு, விதை எல்லாமே நஞ்சு. குழந்தை எதையும் வாயில் வைக்காத வயது வரட்டும், நாய்க்குட்டிக்கு அந்த வயது வருமா என்பது சந்தேகம்தான். வேலிக்குச் செம்பருத்தியே போதும். காகிதப்பூ வைக்கலாம், கொஞ்சம் காயப்போட்டால்தான் அது நன்றாகப் பூக்கும் என்பதால் தண்ணீருக்கும் அலைய வேண்டாம். ஆனால் கேட்டை ஒட்டி வைக்காதீர்கள். நான் வைத்தேன். மூன்றாவது வருடம் அதன் முள் எங்கள் தபால்காரரின் சட்டையைத் தோளிலிருந்து கிழித்துவிட்டது, அதற்கப்புறம் அவர் தெருவில் நின்று மணி மட்டும் அடிப்பார்.