ப்ரொஃபைலில் பாலினம்: யாருக்குக் காட்டுவது? – கேள்வி பதில்

ஃபேஸ்புக், இன்ஸ்டா, கூகுள் கணக்குகளில் ஆணா பெண்ணா என்ற விவரத்தை எப்படிக் கையாள்வது என்று இந்த வாரம் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. கணக்குப் பாதுகாப்பும் ப்ரைவசி செட்டிங்ஸும் என் தினசரி வேலை, அதனால் தெரிந்தவரை சொல்கிறேன். பாஸ்வேர்ட் மறந்தது, கணக்கு முடங்கியது போன்றவற்றை இன்று எடுக்கவில்லை. முதலிலேயே ஒன்று: எந்த செட்டிங்கை மாற்றினாலும், மாற்றிய பிறகு உங்கள் நட்பு வட்டத்தில் இல்லாத ஒருவரின் போனில் உங்கள் பக்கத்தைத் திறந்து பாருங்கள். உங்கள் போனில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

அருள்மொழி, தஞ்சாவூர்: அக்கா, என் பெயர் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். டிபி ஒரு செம்பருத்திப் பூ. ஃபேஸ்புக்கில் பாலினத்தை 'ஒன்லி மீ' என்று மாற்றி வெகுநாள் ஆகிறது. அப்படியும் முன்பின் தெரியாதவர்கள் 'ஹாய் டியர்' என்று இன்பாக்ஸுக்கு வருகிறார்கள். எப்படித் தெரிகிறது?

உங்கள் டைம்லைனில் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்கள். அந்தச் செம்பருத்தியை வைத்த நாளில் ஃபேஸ்புக் தானாக ஒரு வரி போட்டிருக்கும்: 'அருள்மொழி அப்டேட்டட் ஹெர் ப்ரொஃபைல் பிக்சர்.' அந்த 'ஹெர்' போதும். பாலினம் என்ற விவரத்தை நீங்கள் மறைத்திருக்கிறீர்கள், ஆனால் அதிலிருந்து எடுத்த ஹிஸ், ஹெர் பக்கம் முழுக்க வெளியில் கிடக்கிறது. கவர் படம் மாற்றினாலும் இதே கதைதான்.

இதற்கு வழி இருக்கிறது. பாலினம் கேட்கும் இடத்தில் ஆண், பெண் இரண்டையும் விட்டுவிட்டு 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்களை எப்படிக் குறிப்பிட வேண்டும் என்று அடுத்து கேட்கும். ஆண், பெண் இருவருக்கும் பொதுவான 'தே' என்று கொடுங்கள். அதன்பின் அந்த வரிகளில் 'தெயர்' என்று வரும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இங்கே நீங்கள் கொடுக்கும் ஹீ, ஷீ, தே எல்லோருக்கும் தெரியும் என்று ஃபேஸ்புக்கே அந்த இடத்தில் எழுதியிருக்கிறது. அதை மறைக்க முடியாது. 'கஸ்டம்' போட்டுவிட்டு 'ஷீ' கொடுத்தால் பழைய நிலைமைதான்.

இது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் பாலினம் சொல்லாதவர்களை ஃபேஸ்புக் 'தெம்செல்ஃப்' என்று எழுதிக்கொண்டிருந்தது. பிற மொழிகளுக்குக் கொண்டுபோகும்போது அது உதைத்தது. 2008 ஜூனில், ஆணா பெண்ணா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லி எல்லோரையும் கேட்க ஆரம்பித்தார்கள். வாக்கியம் இலக்கணமாக வர வேண்டும் என்பதற்காக ஒருவரின் பாலினம் ஊருக்கே தெரிவதா என்று அப்போதே ஆட்சேபம் எழுந்தது. 2014 பிப்ரவரியில்தான் அமெரிக்காவில் 50-க்கும் மேற்பட்ட தேர்வுகளோடு 'கஸ்டம்' வந்தது. அடுத்த ஆண்டு, நாமே எழுதிக்கொள்ளும்படி மாற்றினார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு உங்கள் சித்தி, 'அழகா இருக்கடி' என்று கமெண்ட் போட்டால் அதற்கு செட்டிங் கிடையாது. பழைய பதிவுகளை நண்பர்களுக்கு மட்டும் என்று மொத்தமாக மாற்றும் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' இருக்கிறது. அதையும் செய்துவிடுங்கள். அப்புறம் தெரியாத ஒருவர் போனில் இருந்து பாருங்கள்.

ரவி, சேலம்: வாட்ஸாப்பில் பாலினத்தை மறைப்பது எப்படி?

வாட்ஸாப் பாலினம் கேட்பதே இல்லை. தெரிவது படமும் 'அபௌட்' வரியும்தான். ப்ரைவசி செட்டிங்கில் இரண்டையும் 'மை காண்டாக்ட்ஸ்' என்று வையுங்கள்.

கிருத்திகா, பெங்களூரு: பாலினத்தைக் கட்டாயம் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று வைத்த தளம் ஏதாவது இருந்ததா? அலுவலகத்தில் ஒரு விவாதத்துக்காகக் கேட்கிறேன்.

இருந்தது. கூகுள் பிளஸ். 2011 ஜூன் 28 அன்று தொடங்கியபோது ப்ரொஃபைலில் பெயரும் பாலினமும் எல்லோருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். ஆண், பெண், மற்றவை என்று மூன்று தேர்வுகள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் மறைக்க வழியில்லை. ஊர், படிப்பு, வேலை என்று மற்ற எல்லாவற்றையும் யாருக்குக் காட்டுவது என்று நாமே முடிவு செய்யலாம் என்பதுதான் அந்தத் தளத்தின் பெருமையே. பெயருக்கும் பாலினத்துக்கும் மட்டும் அந்த உரிமை இல்லை.

உடனே எதிர்ப்பு வந்தது. இணையத்தில் பெண் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து என்னென்ன வரும் என்று பெண்கள் எழுதினார்கள். எக்ஸ்கேசிடி என்ற படக்கதைத் தளத்தை நடத்தும் ராண்டல் மன்றோவும் இது தவறு என்று எழுதினார். சில வாரங்களில், 2011 ஜூலையில், கூகுள் இறங்கி வந்தது. பாலினத்தை மறைக்கலாம், மறைத்தவர்களைப் பொதுவான சொல்லால் குறிப்பிடுவோம் என்று ஒரு வீடியோவில் அறிவித்தார்கள்.

அந்த வீடியோவில் பேசியவர், அப்போது ப்ரொஃபைல் பகுதியின் பொறுப்பில் இருந்த ஃபிரான்சஸ் ஹாகன். 2021-ல் ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்து, அமெரிக்க செனட் குழு முன் சாட்சி சொன்னவரும் இவர்தான். எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, திருத்தம் வந்த வேகம். தளத்தைக் கட்டியவர்கள் மனது வைத்தால் இது சில வாரத்து வேலை என்று அன்றே தெரிந்துவிட்டது. பத்து வருடம் கழித்தும் 'டெக்னிக்கலாகக் கஷ்டம்' என்று சொல்கிற கம்பெனிகளிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. ஆனால் உங்கள் கூகுள் கணக்கில் பாலினம் இன்னும் இருக்கிறது. 'பர்சனல் இன்ஃபோ'வில் போய்ப் பாருங்கள். 'ரேதர் நாட் ஸே' என்றும் கொடுக்கலாம். யார் பார்க்கலாம் என்பதை 'ஒன்லி யூ' என்று வைக்கலாம். பழைய கணக்கு வைத்திருப்பவர்கள் அவசியம் பாருங்கள்.

செந்தில், ஈரோடு: நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை. நேர்மையானவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? இப்படி மறைப்பதால்தான் ஃபேக் ஐடி பெருகுகிறது. என் நண்பர் ஒருவர் பெண் என்று நம்பி ஒரு ஆணிடம் பேசிப் பணத்தை இழந்தார். எல்லோரும் பாலினத்தைக் காட்ட வேண்டும் என்று சட்டமே போட வேண்டும்.

உங்கள் நண்பருக்கு நடந்தது வருத்தமானது. ஆனால் அந்த ஐடியை மறுபடி யோசித்துப் பாருங்கள். அதில் பாலினம் மறைத்து வைக்கப்பட்டிருந்ததா? இருக்காது. 'ஃபீமேல்' என்று ஊரறியப் போட்டு, பெண் பெயர், எங்கிருந்தோ எடுத்த பெண் படம் என்று எல்லாம் வைத்திருப்பார்கள். ஏமாற்ற வருகிறவருக்கு அந்த விவரம் வெளியே தெரிவதுதான் தேவை. அதில் என்ன போட்டாலும் தளம் சரிபார்ப்பதில்லை. கட்டாயமாக்கினால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மறைக்க நினைக்கும் பெண்ணுக்கு மட்டும்தான் நஷ்டம்.

மீனாட்சி, மதுரை: செந்தில் அண்ணாவுக்கு நான் பதில் சொல்கிறேன். நான் வீட்டிலிருந்து மசாலாப் பொடி விற்கிறேன். பக்கத்தில் என் படம் இருந்தவரை ஆர்டரைவிட வேண்டாத மெசேஜ்தான் அதிகம். இப்போது கடைப் பெயரும் பொடி டப்பா படமும் மட்டும். நிம்மதியாக வியாபாரம் நடக்கிறது. நான் யாரை ஏமாற்றிவிட்டேன்?

செந்தில், ஈரோடு: அம்மா, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் பூ படமும் சாமி படமும் வைத்த ஐடி பத்தில் எது உண்மை என்று நாங்கள் எப்படி நம்புவது?

நம்ப வேண்டிய தேவை எங்கே வருகிறது என்று பாருங்கள் செந்தில். பொடி வாங்க, பொடி நன்றாக இருக்கிறதா என்று தெரிந்தால் போதும். ஒரு பதிவுக்கு லைக் போட, பதிவைப் படித்தால் போதும். பணம் கொடுக்கப் போகிறீர்கள், நேரில் சந்திக்கப் போகிறீர்கள் என்றால் வீடியோ காலில் பேசுங்கள், தெரிந்தவர் மூலம் விசாரியுங்கள். ப்ரொஃபைலில் எழுதியிருக்கும் ஒரு சொல்லை நம்பி அதைச் செய்யாதீர்கள், அது 'மேல்' என்று இருந்தாலும் சரி.

ஜெஸிந்தா, நாகர்கோவில்: செந்தில் சொல்வதில் ஒரு இடம் நியாயம். நான் பெண்களுக்கு மட்டுமான ஒரு குழுவின் அட்மின். யாரைச் சேர்ப்பது என்று பாலினத்தைப் பார்த்துத்தானே முடிவு செய்ய வேண்டும்?

உங்களுக்குத் தேவை இருப்பது உண்மை. ஆனால் அந்த விவரத்தைப் பார்த்துச் சேர்த்தால் செந்திலின் நண்பரை ஏமாற்றியவரும் உள்ளே வந்துவிடுவார். உள்ளே இருக்கும் ஒருவர் 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொன்னால் சேர்ப்பது, இல்லையென்றால் நீங்களே போனில் பேசிவிட்டுச் சேர்ப்பது, இந்த இரண்டும்தான் வேலை செய்கிறது. ஆளைச் சேர்க்க நேரமாகும். பரவாயில்லை.

இந்த வாதத்தில் இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். கெட்ட வார்த்தை வந்தவற்றை எடுக்கவில்லை. மற்ற கேள்விகள் காத்திருக்கின்றன.

பிரபு, ஓசூர்: ஃபேஸ்புக்கில் ஜென்டர் ஹைட் பண்ணுவது எப்படி?

அருள்மொழிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சுகன்யா, சென்னை: மறைத்துவிட்டால் கம்பெனிக்கும் தெரியாதா?

தெரியும். இங்கே இரண்டு பேரிடமிருந்து மறைக்க நினைக்கிறோம்: பக்கத்தைப் பார்ப்பவர்கள் ஒரு தரப்பு, தளத்தை நடத்துபவர்கள் இன்னொரு தரப்பு. 'ஒன்லி மீ' முதல் தரப்புக்கு மட்டும்தான். கம்பெனியிடம் நீங்கள் கொடுத்தது கொடுத்ததுதான்.

கொடுக்காவிட்டாலும் ஊகிக்கிறார்கள். எக்ஸ் தளத்தில் 'அக்கவுன்ட் இன்ஃபர்மேஷன்' உள்ளே போங்கள், பாஸ்வேர்ட் கேட்கும். பாலினம் என்று ஒன்று அங்கே இருக்கும். நீங்கள் சொல்லாவிட்டால், உங்கள் ப்ரொஃபைலையும் நடவடிக்கைகளையும் வைத்து அவர்களே ஒன்றைப் போட்டுவைக்கிறார்கள். வெளியே காட்டுவதில்லை. தவறாக இருந்தால் மாற்றலாம், ஆனால் மாற்றினால் சரியானதை நீங்களே எடுத்துக் கொடுத்ததாக ஆகும். நானாக இருந்தால் தொடமாட்டேன்.

2013-ல் கோசின்ஸ்கி என்பவரும் அவரது சகாக்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 58,000 தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் லைக்குகளை மட்டும் வைத்து ஆணா பெண்ணா என்பதை 93 சதவீதம் சரியாகப் பிரித்துவிட்டார்கள். இதனால் மனம் தளர வேண்டாம். தெரியாத ஆள் இன்பாக்ஸுக்கு வருவதைத் தடுப்பது வேறு, விளம்பரக் கணக்கிலிருந்து தப்புவது வேறு. முதலாவது உங்கள் கையில் இருக்கிறது.

விளம்பரத்தில் என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு: சில வேலை விளம்பரங்கள் பெண்கள் கண்ணிலேயே படாமல் ஆண்களுக்கு மட்டும் காட்டப்பட்டன. வழக்குகளுக்குப் பிறகு 2019 மார்ச்சில், அமெரிக்காவில் வேலை, வீடு, கடன் விளம்பரங்களைப் பாலினம் பார்த்துக் காட்டுவதை நிறுத்த ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது.

பெயர் வேண்டாம், விழுப்புரம்: அக்கா, நான் திருநங்கை. புதிய பெயரில் ஃபேஸ்புக் கணக்கை மாற்ற நினைக்கிறேன். ஊரில் இருக்கும் சிலருக்கு இப்போது தெரிய வேண்டாம். என்ன வரிசையில் செய்ய வேண்டும்?

கேட்டதற்கு நன்றிம்மா. பெயரை மாற்றுவதைக் கடைசியில் வையுங்கள். முதலில் நண்பர்கள் பட்டியலைப் பாருங்கள். தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களை நீக்கவோ தடுக்கவோ செய்யுங்கள். நீக்கினால் அவர்களுக்கு அறிவிப்பு போகாது. அடுத்து 'ஆக்டிவிட்டி லாக்' போய், மற்றவர்கள் உங்களை டேக் செய்த படங்களிலிருந்து டேக்கை எடுங்கள். நீங்கள் உங்கள் பெயரை மாற்றினாலும், மற்றவர்கள் தங்கள் கையால் எழுதிய பழைய பெயர் அங்கேயேதான் இருக்கும். பழைய பதிவுகளை 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' வழியாக நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்குங்கள். ப்ரொஃபைலை லாக் செய்யுங்கள், இந்தியாவில் அந்த வசதி 2020-லிருந்தே இருக்கிறது. பிறகு பாலினம், அதன்பின் பெயர். பெயரை ஒருமுறை மாற்றினால் 60 நாளுக்கு மறுபடி மாற்ற முடியாது, எழுத்துப் பிழை இல்லாமல் போடுங்கள்.

அடையாள ஆவணம் கேட்டால் பயப்பட வேண்டாம். அரசு அட்டை மட்டும்தான் என்று இல்லை, அன்றாடம் நீங்கள் வழங்கும் பெயர் இருக்கும் வேறு ஆவணங்களையும் ஏற்கிறார்கள். 2014-ல் பலரது கணக்குகள் பெயரைக் காரணம் காட்டி முடக்கப்பட்டு, ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்த பிறகு தளர்ந்த விதி இது. உங்கள் பாலினத்தை நீங்களே சொல்லும் உரிமையை அதே 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கில் (நால்சா தீர்ப்பு) உறுதி செய்திருக்கிறது. தயங்காதீர்கள். எந்தப் படியிலாவது நின்றுவிட்டால் எனக்குத் தனியாக எழுதுங்கள்.

எல்லாம் முடிந்ததும் நம்பிக்கையான தோழி ஒருவரின் போனில், அவர் உங்கள் நட்பில் இல்லாத கணக்கிலிருந்து பாருங்கள். உங்கள் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம்.

நிவேதா, திருநெல்வேலி: இன்ஸ்டாவில்?

அங்கே கேட்கும் பாலினம் ப்ரொஃபைலில் தெரியாது. 'ப்ரோநவுன்ஸ்' (ஹீ, ஷீ, தே போன்ற சொற்கள்) என்பது தனி. அதை நிரப்பினால் பெயர் பக்கத்தில் தெரியும், ஃபாலோயர்களுக்கு மட்டும் என்றும் வைக்கலாம். விருப்பமில்லை என்றால் காலியாக விடுங்கள்.

மணிகண்டன், சேலம்: வாட்ஸாப்பில் ஜென்டர் எங்கே இருக்கிறது?

இல்லை. ரவிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள். கேள்வி அனுப்பும் முன் மேலே ஒருமுறை படியுங்கள், தயவுசெய்து.

பெயர் வேண்டாம், கோவை: என் படத்தை வைத்து யாரோ பெண் ஐடி தொடங்கி அசிங்கமாகப் பதிவு போடுகிறார்கள்.

இது செட்டிங்ஸ் விஷயம் இல்லை, குற்றம். ஸ்க்ரீன்ஷாட்டும் அந்தப் பக்கத்தின் லிங்க்கும் எடுத்துவைத்துவிட்டு, தளத்தில் ரிப்போர்ட் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் இன்றே பதியுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181.

ஹரிணி, புதுச்சேரி: மளிகை டெலிவரி ஆப் ஒன்றில் பாலினம் சொல்லாமல் கணக்கே தொடங்க முடியவில்லை. அரிசி வாங்க இது எதற்கு?

சரியான கேள்வி. இதே கேள்விதான் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. பிரான்ஸில் ரயில் டிக்கெட் வாங்க மிஸ்யூவா மதாமா (திருவா திருமதியா) என்று கட்டாயம் சொல்ல வேண்டியிருந்தது. 'மூஸ்' என்ற அமைப்பு வழக்குப் போட்டது. டிக்கெட் விற்க அந்த விவரம் இன்றியமையாதது அல்ல, பொதுவான மரியாதைச் சொல்லால் அழைத்தால் போதும் என்று 2025 ஜனவரி 9-ல் தீர்ப்பு வந்தது. நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான விவரத்துக்கு மட்டும்தான் சம்மதம் செல்லும் என்கிறது. அந்தச் சட்டத்திலேயே ஒரு உதாரணம் உண்டு: டாக்டரிடம் ஆலோசனை கேட்கும் ஆப், உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களைக் கேட்டு நீங்கள் சரி என்றாலும், அந்தச் சம்மதம் செல்லாது, ஏனென்றால் சிகிச்சைக்கு அது தேவையில்லை.

ஆப்பின் 'கிரீவன்ஸ் ஆஃபீசர்' (புகார்களைக் கவனிக்கும் அதிகாரி) மின்னஞ்சல் கீழே எங்காவது இருக்கும். அவருக்கு இப்படி எழுதுங்கள்: 'பொருள் டெலிவரி செய்ய என் பாலினம் எதற்குத் தேவை என்று எழுத்தில் சொல்லவும், தேவையில்லை எனில் அந்தக் கட்டாயத்தை நீக்கவும்.' பதில் வந்தால் இங்கே போடுங்கள், மற்றவர்களும் அதையே அனுப்பலாம்.