அந்தக் கதையை மாற்றியது யார்?

அன்புள்ள சார்,

பழைய அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரான 'ஸ்டார் ட்ரெக்'கின் 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' பகுதியைப் பார்த்தேன். பிறகு ஹார்லன் எலிசன் அதற்கு எழுதிய மூலத் திரைக்கதை புத்தகமாகக் கிடைத்தது. இரண்டும் வெவ்வேறு கதைகள் மாதிரி இருக்கின்றன. ஆனால் திரையில் அவர் பெயர் மட்டும்தான் வருகிறது. ஓர் எழுத்தாளரின் பிரதியை இப்படிச் சிதைக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்களுக்கு வந்த கோபம் எலிசனுக்கும் வந்தது. தன் பெயரை எடுத்துவிட்டு 'கார்ட்வைனர் பேர்ட்' என்ற புனைபெயரைப் போடச் சொன்னார். தயாரிப்பாளர் ஜீன் ராடன்பெரி சம்மதிக்கவில்லை. 1967 ஏப்ரல் 6 அன்று எலிசன் பெயரோடுதான் ஒளிபரப்பானது. ஆனாலும் ஒரேயடியாகச் சிதைத்துவிட்டார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எது, ஏன் மாறியது என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். கதையின் அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான்: எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பலைச் சேர்ந்த ஒருவன் இறந்தகாலத்துக்கு ஓடிப்போக, வரலாறே மாறிவிடுகிறது. அதைச் சரிசெய்யக் கேப்டன் கிர்க்கும் அவன் துணை அதிகாரி ஸ்பாக்கும் பின்னாலேயே போகிறார்கள்.

சில மாற்றங்களுக்குப் பணம் காரணம். எலிசனின் பிரதியில், வரலாறு மாறியதும் எண்டர்பிரைஸ் இருந்த இடத்தில் கொள்ளைக்காரர்களின் கப்பல் ஒன்று இருக்கும். அதற்குத் தனியாக நடிகர்கள், காட்சிகள் எல்லாம் வேண்டும். ஒளிபரப்பில் கப்பலே இல்லை. பாழடைந்த ஒரு கிரகத்தில் சிலர் நிற்கிறார்கள், கப்பல் அதிகாரி உஹுரா தனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள், அவ்வளவுதான். செலவுக்குப் பயந்து செய்த மாற்றம் என்றாலும் எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

இன்னொன்று தொடரின் இயல்பு சார்ந்தது. மூலத்தில் பெக்வித் என்ற கப்பல் அதிகாரி போதைப்பொருள் விற்கிறான், கொலை செய்கிறான், இறந்தகாலத்துக்குத் தப்பி ஓடுகிறான். தன் கப்பலில் அப்படி ஓர் ஆள் இருப்பதை ராடன்பெரி ஏற்கவில்லை. அதனால் கப்பலின் மருத்துவர் மெக்காய் தவறுதலாகத் தனக்கே மருந்தை ஏற்றிக்கொண்டு, புத்தி பேதலித்து ஓடுவதாக மாற்றினார்கள்.

இந்த மாற்றம் கடைசிக் காட்சியையே புரட்டிப்போட்டுவிட்டது. இறந்தகாலத்தில் கிர்க் காதலிக்கும் ஈடித் கீலர் சாலையைக் கடக்கிறாள், வண்டி வருகிறது. அவள் செத்தால்தான் வரலாறு பழையபடி ஆகும். மூலத்தில் அவளைக் காப்பாற்றப் பாய்வது கொலைகாரன் பெக்வித். கிர்க்கால் எதுவும் செய்ய முடியவில்லை. ஸ்பாக்தான் பெக்வித்தைத் தடுக்கிறான். ஒளிபரப்பில் பாய்வது மெக்காய். அவனைக் கட்டிப்பிடித்து நிறுத்துவது, ஈடித்தைக் காதலிக்கும் அதே கிர்க்.

காதலுக்காகப் பிரபஞ்சத்தையே விடத் துணிந்த மனிதன் எலிசனுடைய கிர்க். ஒளிபரப்பில் வரும் கிர்க் தன் கையாலேயே அவளைச் சாகவிடுகிறான். முதலாவது எழுத்தாளனின் துணிச்சல், அதை மதிக்கிறேன். ஆனால் என்னைத் தூங்கவிடாதது இரண்டாவதுதான். நண்பனையே தடுக்க வேண்டியிருக்கிறது, அந்த நண்பனுக்கோ ஏன் தடுத்தான் என்பதே தெரியவில்லை. மூலத்தில் இந்த வலி கிடையாது.

சரி, மாற்றியது யார்? எலிசனே சில தடவை திருத்தி எழுதினார். அப்புறம் ஸ்டீவன் கரபட்சாஸ், ஜீன் கூன், டி.சி. ஃபான்டானா, கடைசியில் ராடன்பெரி. தொலைக்காட்சியில் இப்படிப் பல கைகள் படுவது வழக்கம்தான். ஆனால் ஃபான்டானாவின் பங்கு பல வருடங்கள் வெளியே தெரியாமலே இருந்தது எனக்கு உறுத்துகிறது. பிறர் எழுதிய கதைக்குள் நுழைந்து, அதன் உயிர் போகாமல், தொடரின் ஆட்கள் பேசுவது போலவே வசனம் எழுதுவது சின்ன வேலை இல்லை. எலிசனின் பெயரைச் சொல்லும்போது அவர் பெயரையும் சொல்ல வேண்டும்.

விருதுகளும் இரண்டு பக்கமும் போயின. எழுத்தாளர் சங்கத்தின் விருது எலிசன் அனுப்பிய மூலப் பிரதிக்கு, அறிவியல் புனைகதைக்கான 1968 ஹ்யூகோ விருது ஒளிபரப்பான வடிவத்துக்கு.

ஆனால் ஓர் இழப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. மூலத்தில் மட்டும் வரும் ட்ரூப்பர். முதல் உலகப்போரில் பிரான்ஸின் வெர்டனில் சண்டையிட்டு, கால்களை இழந்து தெருவில் கிடக்கும் ஆள். கிர்க்குக்கு உதவி செய்து சாகிறான். அவன் சாவால் வரலாற்றில் ஒன்றும் மாறவில்லை, அவன் கணக்கிலேயே இல்லை என்று தெரியும்போது கிர்க் உடைந்துபோகிறான். ஒரு பெண்ணின் சாவில் உலகமே தொங்கும் கதையில், இப்படிக் கணக்கில் வராத ஒரு சாவும் வேண்டும். ஒளிபரப்பில் தெருவோரத்து ஆள் ஒருவன் மெக்காயின் ஆயுதத்தைத் திருடி, தெரியாமல் அழுத்தி, மறைந்துபோகிறான். அதை யாரும் கவனிப்பதுகூட இல்லை. ட்ரூப்பருக்கு ஒரே ஒரு காட்சி ஒதுக்கியிருக்கலாம். அந்த இடத்தில் நான் முழுக்க எலிசன் பக்கம்.