காவலர் உடற்தகுதித் தேர்வு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஓட்டம் பற்றித்தான். கயிறு ஏறுவது பற்றி ஒன்றே ஒன்று, அதுவும் தப்பான கேள்வி. கீழே உள்ள அளவுகள் ஆண்களுக்கான இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு உரியவை. உங்கள் ஆண்டு அறிவிக்கையையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

கேள்வி: தினமும் காலையில் 1500 மீட்டர் முழு வேகத்தில் ஓடுகிறேன். இரண்டு மாதமாகியும் 7:20க்குக் கீழே இறங்கவில்லை. (உசிலம்பட்டி)

தினமும் பரீட்சையே எழுதிக்கொண்டிருந்தால் படிப்பது எப்போது? முழு 1500-ஐ நேரம் வைத்து ஓடுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். வாரத்தில் இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 5, 6 கிலோமீட்டர். ஒரு நாள் 400 மீட்டர் ஐந்து முறை, ஒவ்வொன்றும் 110 விநாடி, நடுவில் 2 நிமிடம் நடை; மாதக் கடைசியில் 104க்குக் கொண்டுவாருங்கள். இன்னொரு நாள் 200 மீட்டர் எட்டு முறை.

தேர்ச்சிக்கான 7 நிமிடத்தைக் குறிவைக்காதீர்கள், 6:30 வையுங்கள். 400 மீட்டர் டிராக்கில் முதல் 300 மீட்டர், பிறகு மூன்று ரவுண்டு. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது கடிகாரம் 1:18, 3:02, 4:46, 6:30 காட்ட வேண்டும். கூட்டத்தோடு சேர்ந்து முதல் 300-ஐ ஒரு நிமிடத்தில் அடிப்பவர்கள்தான் கடைசிக்கு முந்தைய ரவுண்டில் இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். உடம்பைச் சூடேற்றாமல் எதையும் வேகமாக ஓடாதீர்கள்.

கேள்வி: ஜிம்மில் 80 கிலோ பெஞ்ச் பிரஸ் அடிக்கிறேன். கயிற்றில் 3 மீட்டரிலேயே கை விட்டுப்போகிறது. முதலில் ஓட்டத்தை முடித்துவிட்டு, கடைசி மாதம் கயிற்றைப் பார்த்துக்கொள்ளலாமா? (ஆத்தூர்)

கூடாது. வருடா வருடம் இதே கதை. ஆறு மாதம் ஓடுவார்கள், நெஞ்சைப் புடைக்க வைப்பார்கள், கடைசி வாரம் வந்து கயிற்றைத் தொடுவார்கள். பெஞ்ச் பிரஸ் தள்ளும் வேலை, கயிறு இழுக்கும் வேலை. உங்கள் முதுகும் முன்கையும் இன்னும் வேலையே பார்க்கவில்லை. அதிலும் பிடிப்பு மெதுவாக வளர்வது. உள்ளங்கைத் தோல் காய்த்துப்போகவே சில வாரம் ஆகும்.

முதல் இரண்டு வாரம் கயிற்றில் ஏறவே வேண்டாம். பாரில் 30 விநாடி தொங்குங்கள், நான்கு முறை. பிறகு குதித்துத் தாடையை பாருக்கு மேலே கொண்டுபோய், 5 விநாடி எடுத்து மெதுவாக இறங்குங்கள். ஐந்து ஐந்தாக நான்கு செட். இரண்டு கையிலும் 15 லிட்டர் தண்ணீர் வாளியைத் தூக்கி 40 மீட்டர் நடங்கள். வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள்.

மூன்றாம் வாரம் கால்பூட்டு. கயிறு வலது காலின் வெளிப்புறமாக இறங்கி, பாதத்துக்கு அடியில் வந்து, உள்பக்கமாக மேலேற வேண்டும். அதை இடது பாதத்தால் வாரி எடுத்து வலது பாதத்தின் மேல் அழுத்துங்கள். பூட்டியதும் எழுந்து நில்லுங்கள், கைகள் மேலே போகும். கைகளை நீட்டித் தொங்கியபடி முழங்காலை நெஞ்சுக்கு இழுத்து, மறுபடி பூட்டுங்கள். ஒரு இழுப்புக்கு அரை மீட்டர் கிடைத்தால் 6 மீட்டருக்குப் பன்னிரண்டு இழுப்பு. கை மடங்கியே தொங்கினால் நாலாவது இழுப்பிலேயே முன்கை இறுகிவிடும். உங்கள் 3 மீட்டர் நோய் பெரும்பாலும் அதுதான்.

இறங்கும்போது கைமாற்றிக் கைமாற்றி இறங்குங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் உள்ளங்கை உரிந்து பத்து நாள் போகும். மதிப்பெண் ஸ்டார் கணக்கில்தான்: 5 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 6 மீட்டருக்கு இரண்டு. அதனால் பயிற்சியில் கயிற்றை ஆறரை மீட்டருக்குக் கட்டுங்கள். வேம்பு, புளி நல்லது. முருங்கைக் கிளையில் கட்டியவர்களும் உண்டு, கீழே விழுந்தவர்களும் அவர்கள்தான்.

கேள்வி: மார்பு 82 செ.மீ. இருக்கிறது. விரிவு 3 செ.மீ. தான் வருகிறது.

81 அளவும் 5 விரிவும் வேண்டும். பெரும்பாலும் மூச்சை முழுதாக வெளியே விடாமலே அளக்கிறீர்கள். முதலில் காலியாக்குங்கள், பிறகு விலா பக்கவாட்டில் விரியும்படி இழுத்து நிறுத்துங்கள்; தோளைத் தூக்குவதால் பயனில்லை. தினம் 20 மூச்சு, கூடவே தண்டால், டம்பெல் புல்ஓவர் (மல்லாந்து படுத்து டம்பெல்லைத் தலைக்குப் பின்னால் இறக்கி மேலே இழுப்பது). டேப்பை நீங்களே பிடிக்காமல் வேறு ஆளைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: 100 மீட்டரா, 400 மீட்டரா, எதை எடுக்க?

இரண்டையும் ஓடிப் பார்த்தீர்களா? எழுதவில்லையே. இரண்டு ஸ்டாருக்கு 100-ல் 13.5 விநாடி, 400-ல் 70. 100-ல் 14.5-க்கு மேலே நிற்பவர் 400 எடுக்கட்டும். பயிற்சியால் 5 விநாடி குறைப்பது அங்கே எளிது, 100-ல் 1 விநாடி குறைப்பது பெரும்பாடு. 400-ல் முதல் 200-ஐ 33க்கு முடியுங்கள், 29க்கு அல்ல.

கேள்வி: உயரம் தாண்டுதலில் டிவியில் வருவதுபோல முதுகைக் காட்டித் தாண்டலாமா?

உயரமான மெத்தை இருந்தால் மட்டும். மணலில் கழுத்து போகும். இரண்டு ஸ்டாருக்கான 1.40 மீட்டருக்குக் கத்தரிக்கால் தாண்டலே (ஒரு காலுக்குப் பின் மறுகாலைக் கம்பிக்கு மேலே வீசித் தாண்டுவது) போதும். உயரம் கைகூடாதவர்கள் நீளம் தாண்டுதலுக்குப் போங்கள், அதில் இரண்டு ஸ்டாருக்கு 4.50 மீட்டர். அங்கே பாழாவது பெரும்பாலும் ஓடி வரும் அடிக்கணக்கு. 13 அடியெடுப்புக்கு ஒரு குறி வைத்து, தினமும் அதே குறியிலிருந்து ஓடுங்கள். காலை ஊன்றித் தாண்டும் பலகைக்கு முன் அடியைச் சுருக்கினாலும் இழுத்தாலும் அரை மீட்டர் போச்சு.

கேள்வி: முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி.

தார்ச்சாலையில், தேய்ந்த ஷூவில், ஒரே வாரத்தில் ஓட்டத்தை இரட்டிப்பாக்கியிருப்பீர்கள். பத்து நாள் ஓட்டத்தை நிறுத்தி சைக்கிள் மிதியுங்கள், கயிறு ஏறுங்கள். பிறகு மண் தரையில் பாதி தூரத்திலிருந்து, வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். ஒரு விரல் வைத்தால் ஒரே புள்ளியில் சுரீரென்றால் எலும்பு விரிசலாக இருக்கலாம், டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: புரோட்டீன் பவுடர் வாங்க வசதியில்லை.

வாங்க வேண்டாம். 60 கிலோ ஆளுக்கு 90 கிராம் புரதம் தாராளம். நான்கு முட்டை 25, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25, ஒரு கைப்பிடி நிலக்கடலை 8, ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கிண்ணம் 10. மிச்சம் சோறு, பருப்பு, தயிரில் வந்துவிடும்.

கேள்வி: தெரிந்தவர் ஒரு ஊசி சொல்கிறார்...

வேண்டாம். அவர் சொல்லும் மாத்திரையும் வேண்டாம்.

கேள்வி: பிசிகலுக்கு 15 நாள்தான் இருக்கிறது. எதையுமே தொடங்கவில்லை.

எழுத்துத் தேர்வு முடிந்த மறுநாள் தொடங்கியிருக்க வேண்டும். இப்போது ஓட்டத்தைக் கூட்டினால் காலை உடைத்துக்கொள்வீர்கள். கால்பூட்டு, நீளம் தாண்டும் குறி, 1500-ன் ரவுண்டு நேரம், இந்த மூன்றும் நுட்பம் சார்ந்தவை, பத்து நாளில் பலன் தரும். கடைசி மூன்று நாள் லேசான ஓட்டம் மட்டும். தேர்வு அன்றைக்கு 15 நிமிடம் உடம்பைச் சூடேற்றாமல் கோட்டில் போய் நிற்காதீர்கள். புது ஷூவும் வேண்டாம்.