‘அப்போ இயேசு நடிச்சாரா, டீச்சர்?’

கேள்வி: அம்மா, ஏற்காட்டில் ஒரு பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுக்கிறேன். போன மாதம், பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் அவதிப்பட்டு, கூட்டத்துக்குள் இயேசுவின் ஆடையைத் தொட்டுக் குணமான பெண்ணின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், “இயேசுவுக்குத்தான் எல்லாம் தெரியுமே, அப்புறம் ஏன் ‘என்னைத் தொட்டது யார்’னு கேட்டார்?” என்றான். “தெரியும்ப்பா, சும்மா கேட்டார்” என்றேன். “அப்போ நடிச்சாரா, டீச்சர்?” என்றான். வகுப்பே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெரியவர் ஒருவரிடம் கேட்டதற்கு, இதையெல்லாம் நோண்டினால் விசுவாசம் போய்விடும் என்றார். பையனுக்கு என்ன பதில் சொல்ல?

பதில்:

அன்புள்ள டீச்சர்,

முதலில் அந்தப் பையனுக்கு என் சார்பில் ஒரு பாராட்டு சொல்லிவிடுங்கள். அவன் ஒரே வரியில் கேட்டதை ஆயர்கள் நூற்றாண்டுக் கணக்கில் கூடிக் கூடிப் பேசியிருக்கிறார்கள். நோண்டக் கூடாது என்று அவர்கள் நினைத்திருந்தால் நாம் ஞாயிறு தோறும் சொல்லும் விசுவாசப் பிரமாணமே இருந்திருக்காது.

நீங்கள் சொன்ன பதிலும் ஒன்றும் மோசமில்லை. பழங்காலத் திருச்சபையின் பெரிய மறையுரையாளர் புனித கிறிசோஸ்தோம் ஏறக்குறைய அதைத்தான் சொன்னார்: அந்தப் பெண்ணின் விசுவாசத்தை எல்லோர் முன்னும் வெளிக்கொண்டுவரவே கேட்டார் என்று. தொடக்கநூலில் கடவுள் ஆதாமைப் பார்த்து ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கேட்கிறார். இருக்கும் இடம் தெரியாமலா கேட்டார்? நீங்களே வகுப்பில் விடை தெரிந்துகொண்டுதானே கேள்வி கேட்கிறீர்கள்! ‘சும்மா’ என்ற அந்த ஒரு சொல்தான் காலை வாரிவிட்டது.

ஆனால் பையனை அதோடு விட முடியாது. மாற்கு 5ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். வல்லமை தம்மிடமிருந்து வெளியேறியதை உணர்ந்து திரும்புகிறார், கேட்கிறார். சீடர்கள், கூட்டம் இப்படி நெருக்குகிறதே, இதில் யார் தொட்டது என்று கேட்கிறீரே என்று அலுத்துக்கொள்கிறார்கள். அவர் சுற்றிலும் பார்க்கிறார். அங்கே கிரேக்க மூலத்திலுள்ள வினைச்சொல்லுக்கு, பார்த்துக்கொண்டே இருந்தார் என்ற பொருள் உண்டு. முகம் முகமாகத் தேடுகிற ஒருவரைத்தான் மாற்கு காட்டுகிறார். எனக்கு அது நடிப்பாகப் படவில்லை.

சரி, இந்த ஒரு இடத்தை எப்படியும் வாசிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். மாற்கு 13:32-ஐ என்ன செய்வது? உலகம் முடியும் அந்த நாளும் வேளையும் விண்ணகத் தூதருக்குத் தெரியாது, மகனுக்கும் தெரியாது, தந்தைக்கு மட்டுமே தெரியும் என்று அவரே வாய்விட்டுச் சொல்கிறார். இயேசு தந்தைக்கு நிகரான கடவுள் அல்ல என்று வாதிட்ட ஆரியுஸ் கட்சியினர் இந்த வசனத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான், தெரியாதவர் எப்படிக் கடவுள் ஆவார் என்று கேட்டார்கள். அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியுஸ், வார்த்தையானவராக, அதாவது இறைமகனாக, இயேசுவுக்குத் தெரியும், நம் உடலை எடுத்துக்கொண்டவராக, மனிதருக்குரிய முறையில், தெரியாது என்றார் என்று பதில் சொன்னார். புனித அகுஸ்தீன், ‘தெரியாது’ என்றால் ‘உங்களுக்குச் சொல்வதற்கில்லை’ என்று பொருள் என்றார். அகுஸ்தீன் மேல் எனக்கு எவ்வளவோ மரியாதை உண்டு. ஆனாலும் இந்த இடத்தில் அவர் வசனத்தைக் கொஞ்சம் வளைத்துவிட்டார் என்றே நினைக்கிறேன். பின்னாளில் திருத்தந்தை பெரிய கிரகோரியும் மனித இயல்பில் தெரியும், மனித இயல்பினால் அல்ல என்று நூல் பிரித்துப் பார்த்தார். இதைப் பையனிடம் சொல்ல வேண்டாம், பாவம்.

பையனுக்கு உண்மையில் உதவுகிற ஆள் வேறொருவர். சிரியாவின் லவோதிக்கேயாவில் அப்பொல்லினாரிஸ் என்று ஓர் ஆயர் இருந்தார். நல்ல மனிதர், இயேசுவின் இறைமையைக் காப்பாற்ற வேண்டுமே என்ற கவலை அவருக்கு. அதனால் இயேசுவுக்கு உடல் நம்முடையது, ஆனால் மனம் இருக்க வேண்டிய இடத்தில் இறைவார்த்தையே இருந்தது என்று சொல்லிவிட்டார். கேட்கப் பக்தியாகத்தான் இருக்கிறது. 381இல் ஆயர்கள் கூடிய முதலாம் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம் அதைத் தப்பறை, அதாவது தவறான போதனை, என்று தள்ளியது. ஆயர் நசியான்சு கிரகோரி சொன்ன காரணம் இது: எதை அவர் எடுத்துக்கொள்ளவில்லையோ அது குணமாகவில்லை. நம் மனத்தை அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்றால், தடுமாறுகிற, மறந்துபோகிற, பயப்படுகிற நம் மனம் மீட்புக்கு வெளியே நிற்கும். 451இல் கால்செதோன் சங்கம், ஒரே கிறிஸ்துவிடம் இறை இயல்பு, மனித இயல்பு என இரு இயல்புகள், கலக்காமலும் மாறாமலும் பிரியாமலும் விலகாமலும் உள்ளன என்று வரையறுத்தது. கலக்காமல் என்பதில்தான் உங்கள் மாணவனுக்கான விடை இருக்கிறது. இறை அறிவு மனித மூளைக்குள் அப்படியே கொட்டப்பட்டால் அது மனித மூளையாக இராது.

சேலத்தில் எங்கள் பேராலயமே குழந்தை இயேசுவின் பெயரில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் வைத்திருக்கும் குழந்தை இயேசு சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள்: தலையில் கிரீடம், வலது கை ஆசி கொடுக்கும், இடது கையில் உலக உருண்டை. என் தங்கையின் பேரனுக்கு அப்போது எட்டு மாதம். அவனைத் தூக்கி சுரூபத்தின் முன்னால் காட்டினேன். எட்டி அந்த உருண்டையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான். எச்சில் வழிந்த அந்த உருண்டையை முந்தானையால் துடைக்கும்போது, பெத்லகேமிலும் இதுதானே நடந்திருக்கும் என்று தோன்றியது. குழந்தைக்குள் ஒரு பெரியவர் ஒளிந்து உட்கார்ந்துகொண்டு, எல்லாம் தெரிந்தும் மழலை பேசினார் என்று நினைத்தால்தான் பையன் சொன்ன நடிப்பு வரும். லூக்கா அப்படி எழுதவில்லை. இயேசு ஞானத்தில் வளர்ந்தார் என்கிறார் (2:52).

இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதில் தன் கருத்தையே மாற்றிக்கொண்டவர். இளமையில் வேறு மாதிரி எழுதியிருந்தார். பிறகு, முன்பு அப்படி எழுதினேன், ஆனாலும் கிறிஸ்துவுக்கு அனுபவத்தால் பெற்ற அறிவும் இருந்தது என்றே சொல்ல வேண்டும் என்று திருத்தினார். ஆனால் மனிதர் யாரிடமிருந்தும் அவர் கற்கவில்லை என்றும் சேர்த்துக்கொண்டார். இதில் எனக்கு உடன்பாடில்லை. ‘அம்மா’ என்ற சொல்லை மரியாவிடமிருந்து கற்காமல் வேறு யாரிடமிருந்து கற்றார்? இழைப்புளி பிடிக்க யோசேப்பு காட்டித் தராமலா இருந்திருப்பார்? 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 472ஆம் பத்தியைப் படியுங்கள். அவருடைய மனித அறிவு எல்லையற்றதாக இருக்க முடியாது, மனிதர் அனுபவத்தால் கற்பதை அவரும் கேட்டறிய வேண்டியிருந்தது என்ற கருத்து அதில் உண்டு. 474ஐயும் விடாதீர்கள். எதை வெளிப்படுத்த வந்தாரோ அதை நிறைவாக அறிந்திருந்தார் என்று அது ஈடு செய்கிறது.

வகுப்பில் சொல்ல ஓர் உவமை வேண்டுமானால் உங்கள் மலைப்பாதையே இருக்கிறது. மேலே ‘லேடீஸ் சீட்’ காட்சி முனையில் நிற்பவருக்குப் பாதை அடுக்கடுக்காகக் கீழே தெரியும். அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வருபவருக்கு அடுத்த வளைவு வரைதான், பனி இறங்கினால் அதுவும் இல்லை. மேலே நின்று எல்லாம் பார்த்தவர் நம்மோடு பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, இருபது கொண்டை ஊசி வளைவையும் ஒவ்வொன்றாகக் கடந்து வந்தார் என்று சொல்லுங்கள். உயரத்தில் நிற்பவர் பாதை முழுவதையும் பார்ப்பது அக்குவினாஸ் சொன்ன உவமைதான், பஸ் மட்டும் என்னுடையது. இதை ரொம்ப நீட்டாதீர்கள். மேலே ஒருவர், பஸ்ஸில் ஒருவர் என்று ஆள் இரண்டாகிவிடும். கான்ஸ்தாந்திநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ் மேல் 431இல் எபேசு சங்கத்தில் வந்த குற்றச்சாட்டே அதுதான்.

வரும் ஞாயிறு அவனைக் கூப்பிட்டு, “போன தடவை டீச்சர் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்” என்று வகுப்பின் முன்பே சொல்லுங்கள். பிறகு மாற்கு 5ஐ அவனையே வாசிக்கவிடுங்கள். அடுத்து என்ன கேட்பான் என்று இப்போதே தெரிகிறது: சாகப்போவதை மூன்று முறை முன்னாலேயே சொன்னவர், கெத்சமனியில் ஏன் துன்பக் கிண்ணத்தை எடுத்துவிடும்படி தந்தையிடம் கெஞ்சினார்? மாற்கு 14ஆம் அதிகாரத்தை இந்த வாரமே படித்து வையுங்கள். 681இல் முடிந்த மூன்றாம் கான்ஸ்தாந்திநோபிள் சங்கம், அவருக்கு இறை விருப்பம் ஒன்று, மனித விருப்பம் ஒன்று என்று சொன்னதும் நினைவிருக்கட்டும். அவன் கேட்டதும் எனக்கு எழுதுங்கள்.