மருமகளின் குடும்பப்பெயர் வாஷிங்டன்: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். மருமகள் கறுப்பின அமெரிக்கப் பெண், குடும்பப்பெயர் வாஷிங்டன். ஒன்பது வயதுப் பேத்திக்கு, அம்மா வழிக் குடும்பப்பெயர் எங்கிருந்து வந்தது என்று எழுதிவரச் சொல்லிப் பள்ளியில் வேலை கொடுத்திருக்கிறார்கள். அது இங்கிலாந்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் என்கிறார்களே, உண்மையா? சம்பந்தி வீட்டார் ஜார்ஜ் வாஷிங்டன் வம்சமாக இருக்குமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: வம்சக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஜார்ஜுக்கும் மனைவி மார்த்தாவுக்கும் பிள்ளைகள் பிறக்கவில்லை. பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ரத்த உறவு என்று எழுதிவிடாதீர்கள்.

ஊர் விஷயம் உண்மைதான். இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லேண்டுக்குப் பக்கத்தில் வாஷிங்டன் இன்றும் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வாசா என்பவரின் பண்ணை' என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கடைசியில் வரும் 'டன்' பண்ணையையும் அதைச் சுற்றிய குடியிருப்பையும் குறித்த சொல். இன்றைய 'டவுன்' அதிலிருந்து வந்ததுதான்.

ஊர்ப்பெயர் ஆளுக்கு ஒட்டிய கதை 1183-இல் எழுத்தில் கிடைக்கிறது. டர்ஹம் ஆயர் (பிஷப்) தன் நிலங்களில் யார் யார் என்ன குத்தகை தரவேண்டும் என்று எழுதி வைத்த போல்டன் ஏட்டில், ஹெர்ட்பர்ன் ஊர் வில்லியம் என்பவர் தன் ஊரைக் கொடுத்துவிட்டு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றதாகப் பதிவு இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு பவுண்டு கட்ட வேண்டும். ஆயரின் பெரிய வேட்டைக்கு நான்கு வேட்டைநாய்களோடு போகவும் வேண்டும். ஊர் மாறியதும் அவர் பெயரும் மாறியது. ஹெர்ட்பர்ன் போய் வெசிங்டன் வந்தது. அன்று எழுதியது அப்படித்தான்.

நிலம் வைத்திருந்தவர்கள் இப்படிக் கையில் இருக்கும் ஊரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சாதாரண சனங்களுக்கு நடந்தது நேர் எதிர். அவர்களுக்கு விட்டு வந்த ஊர்தான் பெயரானது. மதுரையில் யாரையும் மதுரைக்காரர் என்று கூப்பிடமாட்டார்கள், வெளியூர் போனால்தானே அந்தப் பெயர் வரும்? போதாக்குறைக்குத் தெற்கே சசெக்ஸிலும் ஒரு வாஷிங்டன் இருக்கிறது. ஆகவே இங்கிலாந்திலேயே இந்தப் பெயர்க்காரர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்று சொல்ல முடியாது.

வில்லியம் வழியில் வந்த லாரன்ஸ் வாஷிங்டன் என்ற கம்பளி வியாபாரி 1539-இல் நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் பண்ணையை வாங்கினார். அவர் வழியில் வந்த ஜான், 1657 வாக்கில் வர்ஜீனியாவில் குடியேறினார். ஜார்ஜின் கொள்ளுத் தாத்தா அவர்தான்.

இனி உங்கள் சம்பந்தி வீட்டுக்கு வருவோம். அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர் உள்ளவர்கள் ஏறத்தாழ 1,63,000 பேர். அவர்களில் சுமார் 90 சதவீதம் கறுப்பினத்தவர். முதலாளியின் பெயரை அடிமைகள் மேல் போட்டுவிட்டார்கள் என்று பலரும் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். சில குடும்பங்களில் அப்படி நடந்தது. ஆனால் 1865-இல் விடுதலை வந்தபோது தங்கள் பெயரைத் தாங்களே தேர்ந்துகொண்டவர்கள் ஏராளம். புக்கர் டி. வாஷிங்டனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1856-இல் அடிமையாகப் பிறந்து, பின்னால் பெரிய கல்வியாளர் ஆனவர். பள்ளியில் சேர்ந்தபோது மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு பெயர், அவருக்கு ஒன்றுதான். ஆசிரியர் கேட்டதும் 'புக்கர் வாஷிங்டன்' என்று சொல்லிவிட்டார். வளர்ப்புத் தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். தன் பெயரைத் தானே சொல்லும் உரிமை அந்தச் சின்னப் பையனுக்குக் கிடைத்த இடம் அது. பேத்தி வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பது என் ஆசை. நம் வாஷிங்டன் சுந்தர் கதையும் இதற்குப் பக்கத்தில் வரும். தனக்கு உதவிய முன்னாள் ராணுவத்தினர் ஒருவரின் பெயரைத்தான் அவருடைய அப்பா நன்றியோடு மகனுக்கு வைத்தார்.

சரி, தேடுவது எப்படி? இங்கிலாந்திலிருந்து முன்னோக்கி வராதீர்கள், வழி தவறிவிடும். தெரிந்த தாத்தா பாட்டியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாள்கள் 1950 வரை பொதுவில் இருக்கின்றன, ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பத்துப் பத்து ஆண்டாக இறங்குங்கள். 1890-இன் தாள்கள் பெரும்பாலும் தீ விபத்தில் அழிந்துபோயின. அங்கே ஒரு தாவல் தாவ வேண்டும்.

1870 வந்ததும் நிதானியுங்கள். விடுதலையான எல்லாரையும் பெயரோடு எழுதிய முதல் கணக்கெடுப்பு அது. அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பால், நிறம் மட்டும்தான். பலரும் இந்த இடத்தில் மனம் உடைந்து நிறுத்திவிடுகிறார்கள். 1870 தாளில் அக்கம்பக்கத்தில் யார் யார் நிலம் வைத்திருந்தார்கள் என்று குறித்துக்கொண்டு, 1860 பட்டியலில் அவர்கள் பெயருக்குக் கீழே பத்து வயது குறைத்துப் பொருத்திப் பாருங்கள். பொருந்தினாலும் அது ஒரு தடயம்தான், அதையே ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்புறம், 1865 முதல் 1874 வரை விடுதலை பெற்றவர்களுக்காக நடந்த ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் ஏடுகளையும் பாருங்கள். கணக்குத் தொடங்கியவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிறந்த ஊர், சிலருக்குப் பழைய முதலாளியின் பெயர்கூட அதில் எழுதியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால், சம்பந்தியம்மாவிடம் பழைய குடும்ப பைபிள் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அதன் பக்கங்களில் எழுதிவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பேத்தியே போனில் கேட்கட்டும். பாட்டி சொல்வதை அப்படியே பதிவுசெய்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.