ரயில் தடம், ஏரி, நிலம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தமிழ்நாடு அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் சில மித அதிவேக ரயில் தடங்களுக்குச் சாத்தியக்கூறு ஆய்வு நடத்தப்படும் என்று அறிவித்தது. அவற்றுள் சென்னையிலிருந்து செங்கல்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரை செல்லும் சுமார் 170 கிலோமீட்டர் தடத்தைப் பற்றியே இம்முறை பெரும்பாலான கடிதங்கள் வந்துள்ளன. கோவை–சேலம் தடத்தைப் பற்றியும் ஒன்று உண்டு. பாதிக் கடிதங்களில் சர்வே எண் இல்லை, சிலவற்றில் கிராமத்தின் பெயர்கூட இல்லை. அவற்றுக்குப் பொதுவாகவே பதில் சொல்ல முடிந்தது.

இந்த ரயில் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயம்தானே? அது கிடைக்காமல் ஒரு செங்கல்கூட வைக்க முடியாது என்று எங்கள் பகுதியில் சொல்கிறார்கள். (மறைமலை நகர்)

சொல்கிறவர்கள் அறிவிக்கையைப் படிக்கவில்லை. 2006 செப்டம்பரில் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், அனுமதி பெற வேண்டிய திட்டங்களைப் பட்டியலிடும் அட்டவணையில் நெடுஞ்சாலை உண்டு, விமான நிலையம் உண்டு, துறைமுகம் உண்டு, மலைக்குச் செல்லும் ரோப்கார்கூட உண்டு. ரயில் தடமும் மெட்ரோவும் இல்லை. பணிமனை, நிலையத்தோடு சேர்ந்த வணிக வளாகம் போன்ற கட்டடங்கள் 20,000 சதுர மீட்டரைத் தாண்டும்போது அந்தக் கட்டடத்துக்கு மட்டும் அனுமதி கேட்கப்படலாம். வனநிலத்துக்கும் சரணாலயத்துக்கும் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்கும் தனித்தனிச் சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் தடம் முழுவதற்குமான ஒரே அனுமதி என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் இத்தகைய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை ஏன் தயாராகிறது என்றால், பெரும்பாலும் கடன் தரும் வங்கி கேட்பதால்தான். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 119 கிலோமீட்டர், 63,000 கோடி ரூபாய்த் திட்டம். ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி உள்ளிட்ட நிறுவனங்கள் அதற்குக் கடன் தருகின்றன. டெல்லி–மீரட் மித அதிவேக ரயில் தடத்துக்கும் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடன் உண்டு. கடும் பாதிப்புக்கு இடமுள்ளதாக வகைப்படுத்தப்படும் திட்டமாயின், அதன் வரைவு அறிக்கையைக் கடனுக்கு ஒப்புதல் வழங்குவதற்கு 120 நாள் முன்பாகவே வெளியிட வேண்டும் என்பது அந்த வங்கி 2009-இல் வகுத்து 2025 வரை பின்பற்றிய கொள்கை. ஆகவே, அனுமதி எங்கே என்று கேட்டுக்கொண்டிருப்பதை விட்டு, கடன் யாரிடம் கேட்கப்படுகிறது, எந்த வகையில் திட்டம் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் எந்தத் தேதியில் நடக்கும்? (திண்டிவனம்)

முதல் பதிலைப் படியுங்கள். முப்பது நாள் முன்னறிவிப்பு, மாவட்ட ஆட்சியர் தலைமை, ஒளிப்பதிவு என்று நாளிதழில் நீங்கள் பார்க்கும் கூட்டங்கள் அட்டவணையில் உள்ள திட்டங்களுக்கு மாசு கட்டுப்பாட்டு வாரியம் நடத்துபவை. ரயிலுக்கு வருவது வேறு வகை: ஆலோசனை நிறுவனத்தின் ஆட்கள் இருவர் ஊராட்சி அலுவலகத்தில் இருபது பேரை உட்கார வைத்துப் பேசுவார்கள், வருகைத் தாள் சுற்றி வரும், ஒரு புகைப்படம் எடுக்கப்படும். அந்தத் தாளும் படமும் அறிக்கையின் பின்னிணைப்பில் கலந்தாய்வுக்குச் சான்றாக ஏறும். எனவே கையெழுத்திடுவதற்கு முன் தாளின் தலைப்பைப் படியுங்கள். பெயருக்குப் பக்கத்தில் உங்கள் கருத்தை ஒரு வரியாவது எழுதுங்கள். தாளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதை நான் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டு வருந்தும் கடிதங்கள் குறைந்தபாடில்லை.

என் வயலில் யாரோ கல் நட்டுச் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். நிலம் ரயிலுக்குப் போய்விடுமா? (அச்சிறுபாக்கம்)

சர்வே எண்ணும் எழுதவில்லை, கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்றும் எழுதவில்லை. நான் எதைப் பார்த்துச் சொல்வது? சாலை அகலப்படுத்துவதற்கும், மின்கோபுரத்துக்கும், எரிவாயுக் குழாய்க்கும் இதே போலத்தான் கல் நடுகிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தைக் காட்டி, கல் எந்த உட்பிரிவில் விழுகிறது, யார் அளந்தார்கள் என்று கேளுங்கள்.

கல் நடுவது கையகப்படுத்தல் ஆகாது. அறிவிக்கை வரும்போது அது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பதே முக்கியம். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் கீழ்ச் சிறப்பு ரயில் திட்டமாக அறிவிக்கப்பட்டால், ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள்தான் கிடைக்கும்; சமூகத் தாக்க மதிப்பீடு கிடையாது. தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புக்கென்று தமிழ்நாடு 1997-இல் இயற்றிய சட்டத்திலும் அந்த மதிப்பீடு இல்லை. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தால் மட்டுமே சமூகத் தாக்க மதிப்பீடும், அதற்கான பொதுவிசாரணையும், ஆட்சேபத்துக்கு 60 நாளும் உண்டு. அறிவிக்கையின் முதல் பத்தியிலேயே சட்டத்தின் பெயர் இருக்கும். இழப்பீட்டுத் தொகையைத் தேடுவதற்கு முன் அதைப் பாருங்கள். சர்வே எண்ணைக் குறிப்பிடாத ஆட்சேப மனுவால் பயன் இல்லை.

எங்கள் ஏரியை ஒரு சாலைத் திட்ட அறிக்கையில் 'வறண்ட தரிசு நிலம்' என்று எழுதியிருந்தார்கள். ரயில் அறிக்கையிலும் அப்படியே எழுதுவார்களா? வேடந்தாங்கல் பக்கம் என்பதால் பறவைகளை எண்ணியும் கவலையாக இருக்கிறது. (மதுராந்தகம் வட்டம்)

எழுதக்கூடும், ஏன் அப்படி எழுதுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால் தடுக்கலாம். நம் நாட்டு ஆய்வறிக்கைகளில் அடிப்படைத் தரவை மழைக்காலம் நீங்கலாக ஏதேனும் ஒரு பருவத்தில் எடுத்தால் போதும் என்பது நெடுங்காலமாக வழக்கத்தில் உள்ள விதி. பெரும்பாலான ஆலோசனை நிறுவனங்கள் மார்ச் முதல் மே வரையிலான மூன்று மாதத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. வெயில் காய்கிறது, வண்டி எங்கும் போகிறது, வேலை சீக்கிரம் முடிகிறது. காற்றில் தூசு அளக்க அது பொருத்தமான காலமாக இருக்கலாம். செங்கல்பட்டு, விழுப்புரம் மாவட்டங்களில் நீரை அறிய அதைவிடப் பொருந்தாத காலம் இல்லை. ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் இங்கே பெய்கிறது. ஏப்ரலில் வருகிறவர் கண்ணுக்கு ஏரி மேய்ச்சல் நிலமாகத் தெரியும். ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால், இரண்டு பக்கமும் கருவேல் மண்டிய, ஆடு நடந்து போகிற ஒரு பள்ளமாகத் தெரியும். அவர் பொய் எழுதவில்லை, அன்று கண்டதைத்தான் எழுதுகிறார். ஆனால் அந்தப் பள்ளத்தின் குறுக்கே எவ்வளவு அகலத்துக்குப் பாலம் விட வேண்டும் என்பதை அடுத்து வரும் பொறியாளர் அந்த அறிக்கையை வைத்துக்கொண்டுதான் முடிவு செய்கிறார்.

இங்குள்ள ஏரிகள் தனித்தனியாக இருப்பவை அல்ல. ஒன்றின் கலங்கலில் வழிந்தது அடுத்ததற்கு வரத்து. நடுவில் ஒரு கரை போட்டுக் குழாய் ஒன்றை மட்டும் விட்டால் மேலே உள்ள ஊர் மூழ்கும், கீழே உள்ள ஏரி நிறையாது. தூண்களின் மேல் செல்லும் தடமானால் இந்தத் தொல்லை இல்லை என்று அதிகாரிகள் சொல்வார்கள். தூண் நின்ற பிறகு அது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் தூண் எழுப்பும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு லாரி செல்ல மண்பாதை போடுகிறார்கள், தோண்டிய மண்ணைக் குவிக்கிறார்கள். அந்தப் பாதை வரத்துக்காலின் குறுக்கே போகிறதா, அக்டோபர் பிறப்பதற்குள் அகற்றப்படுமா என்பதற்கு அறிக்கையில் ஒரு வரியும் இருப்பதில்லை.

இது வீண் அச்சம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 2024 நவம்பர் இறுதியில் கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலான ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் இதே சென்னை–விழுப்புரம் பாதையில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இரண்டும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நடந்தவை. அந்தப் பருவத்தை விட்டுவிட்டு ஆய்வு செய்துகொள்ள இடம் தரும் விதியை யார் எழுதியிருந்தாலும், அவர் நவம்பரில் நம் மாவட்டத்துக்கு வந்திருக்கமாட்டார்.

பறவைகளுக்கும் இதே கதிதான். நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கூழைக்கடாவும் மழைக்குப் பிறகு வந்து கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பவை. ஏப்ரல் கடைசியில் எண்ணினால் எண்ணிக்கை சரிந்துதான் இருக்கும். வேடந்தாங்கல் சரணாலயம் என்பது ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தூரம் வரையிலான பகுதியையும் உள்ளடக்கியது. தடமோ, மண் எடுக்கும் இடமோ, தூண்களை வார்க்கும் களமோ அதற்குள் வந்தால், தேசிய வனவிலங்கு வாரியத்தின் முன் போக வேண்டியிருக்கும். தடம் வெளியே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வார்ப்புக் களத்தை உள்ளே வைத்தால் கேட்க ஆளிருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது: வட்டாட்சியர் அலுவலகத்தில், கிராம நிலங்களின் சர்வே எண்ணும் வகையும் பதிவான 'அ' பதிவேட்டின் நகலை வாங்குங்கள். அதில் வாய்க்கால் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு என்று பதிவான சர்வே எண்களைப் பட்டியலிட்டு, கலங்கல் வழியும்போது எடுத்த தேதியுள்ள படத்தையும் இணைத்து, ஆய்வு நிறுவனத்துக்கும் நீர்வளத் துறைக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 'எங்கள் ஏரியைக் காப்பாற்றுங்கள்' என்று எழுதினால் நன்றி என்று பதில் வரும். 'இந்த எண்ணில் உள்ள வாய்க்காலுக்கு எத்தனை மீட்டர் நீர்வழி விடுகிறீர்கள், எந்த மாதத்தில் அளந்தீர்கள்' என்று எழுதினால் அவர்கள் விடை தேடியாக வேண்டும்.

ரயில் சத்தத்துக்கு வரம்பு உண்டா? (தாம்பரம்)

குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். அறிக்கையில் சராசரியைக் காட்டி வரம்புக்குள் என்பார்கள்; ரயில் கடக்கும் நொடியின் உச்ச அளவையும், ஏற்கெனவே உள்ள புறநகர் ரயிலோடு சேர்ந்த அளவையும் கேளுங்கள்.

நாங்கள் 2,000 பேர் கையெழுத்திட்டு ஒரே மனுவாகக் கொடுத்துவிட்டோம். போதுமல்லவா? (செங்கல்பட்டு)

போதாது. ஒரே வாசகத்துக்கு ஒரே பதில்தான் வரும், அதுவும் ஒரு வரியில். அந்த 2,000 பேரில் இருபது பேர் தத்தம் கிணறு, வழி, வாய்க்கால் பற்றி சர்வே எண்ணோடு தனித்தனியாக எழுதியிருந்தால் இருபது பதில் தர வேண்டியிருந்திருக்கும்.

அறிக்கை ஆங்கிலத்தில் மட்டும்தான் இருக்கிறது என்கிறார்கள். தமிழில் கேட்டுப் பெற முடியுமா? (விழுப்புரம், கல்லூரி மாணவர்)

2006 அறிவிக்கையின் கீழ் வரும் திட்டங்களுக்கு உள்ளூர் மொழியில் சுருக்கம் தருவது கட்டாயம். ரயிலுக்கு அந்தப் பிடி இல்லை. வங்கிக் கடன் இருந்தால், பாதிக்கப்படுவோருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்ற நிபந்தனையைச் சுட்டி எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். 'எல்லா விவரமும் தருக' என்று மனு எழுதாதீர்கள். சாத்தியக்கூறு அறிக்கை, அதில் ஒப்பிடப்பட்ட மாற்றுத் தடங்களின் வரைபடம் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வரைபடத்தை அங்கே விரித்து வையுங்கள்.

வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்று நடுவார்களாம். நல்லதுதானே? (திருப்பூர்)

எங்கே நடுவார்கள், யார் தண்ணீர் ஊற்றுவார்கள், மூன்றாம் ஆண்டில் எத்தனை உயிரோடு இருந்தால் ஒப்பந்தக்காரருக்குப் பணம் என்று கேட்டுவிட்டு அதைச் சொல்லுங்கள். மகாராஷ்டிரத்துக்கு 1975 முதலும் கர்நாடகத்துக்கு 1976 முதலும் மரப் பாதுகாப்புச் சட்டம் உண்டு. நம் சமவெளிக்கு அப்படி ஒன்று இல்லை, மரம் வெட்டுவதற்கான கோரிக்கைகளைப் பரிசீலிக்கும் மாவட்டப் பசுமைக் குழுவைத்தான் நம்பியிருக்கிறோம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று அரசு 2021-இல் அறிவித்ததையும் நினைவில் வையுங்கள். சட்டம் இருந்தும் மும்பையில் என்ன நடந்தது என்றால், 2019 அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்த இரவே ஆரே பகுதியில் மெட்ரோ பணிமனைக்காக வெட்டத் தொடங்கி, உச்ச நீதிமன்றம் 7-ஆம் தேதி நிறுத்தச் சொல்வதற்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்துவிட்டன.

மக்களைக் கேட்டுக்கொண்டே இருந்தால் எந்தத் திட்டம் முடியும்? (வேளச்சேரி)

உங்கள் ஊரையே பாருங்கள். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிக்க வேண்டிய தூரம் ஐந்து கிலோமீட்டர். 2008-இல் வேலை தொடங்கியது. ஆதம்பாக்கம் பக்கம் அரைக் கிலோமீட்டர் நிலத்துக்கான இழப்பீட்டுத் தகராறு தீராமல் பத்தாண்டுகளுக்கு மேல் தூண்கள் வெறுமனே நின்றன. நில உரிமையாளர்களோடு தூண் எழுப்பும் முன் பேசி முடித்திருந்தால் அவ்வளவு காலம் ஆகியிருக்காது.

பசுமைத் தீர்ப்பாயத்தில் இப்போதே வழக்குப் போடலாமா? (ஊர் குறிப்பிடவில்லை)

எதை எதிர்த்து? அனுமதி ஆணை ஏதேனும் இருந்தால் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். ஆணை இல்லாத நிலையில், சுற்றுச்சூழல் சட்டம் மீறப்பட்டது என்று காட்டினால் ஆறு மாதத்துக்குள் மனு செய்யலாம். வரைபடத்தில் உள்ள ஒரு கோட்டை எதிர்த்து வழக்கு நிற்காது. ஓடையில் மண் கொட்டத் தொடங்கினால், முதல் லாரி வந்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, சர்வே எண்ணோடு எழுதுங்கள்.