ஊசி போட்டும் ரத்தம் ஏறவில்லையா? இரும்புக் கணக்கை முதலில் பாருங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 54 வயது. குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நீண்ட நாள் சர்க்கரை நோயால் சிறுநீரகம் செயலிழந்து, எட்டு மாதமாகக் கழுத்தில் போட்ட குழாய் வழியாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் நடக்கிறது. எடை 58 கிலோ. ஹீமோகுளோபின் 7.8. வாரம் ஒரு முறை 10,000 யூனிட் எரித்ரோபொய்ட்டின் ஊசி மூன்று மாதமாகப் போட்டும் ஏறவில்லை. ஊசியை ஒருவர் மையத்துக்கே கொண்டுவந்து பாதி விலைக்குத் தருகிறார். வாரம் இரண்டாக்கினால் ஏறிவிடும் என்கிறார். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 340 இருப்பதால் இரும்பு ஊசி தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள். உறவினர்கள் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றச் சொல்கிறார்கள். அம்மா சிறுநீரகம் கொடுக்கத் தயாராக இருக்கிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில்: இரண்டாவது ஊசியை இப்போது வாங்க வேண்டாம். ரத்தம் ஏற்றவும் அவசரப்பட வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஆய்வக அறிக்கையிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அதை யாரும் முழுதாகப் படிக்கவில்லை.

எலும்பு மஜ்ஜையைப் பார்த்து ‘சிவப்பணு செய்’ என்று சொல்லும் எரித்ரோபொய்ட்டினைச் சுரப்பது சிறுநீரகம். அது பழுதானால் அந்தச் சுரப்பு குறையும், ரத்தசோகை வரும். இந்தக் குறையைத்தான் ஊசி ஈடுகட்டுகிறது. ஆனால் ஊசி வேலை வாங்க மட்டுமே செய்யும். சிவப்பணு செய்ய இரும்பு வேண்டும். தறிக்காரர் வீட்டில் இதை விளக்க வேண்டியதில்லை: பாவு இல்லாத தறிக்கு இன்னொரு ஆளைக் கூட்டிவந்து நிறுத்தினால் ஒரு முழம் துணிகூட வராது.

இப்போது அந்த அறிக்கையை எடுங்கள். ஃபெரிட்டின் 340 என்ற வரியோடு எல்லோரும் நிறுத்திக்கொண்டார்கள். அதற்குக் கீழே ரத்தத்தில் உள்ள இரும்பு 38 என்றும், இரும்பைப் பிணைக்கும் மொத்தத் திறன் 270 என்றும் இருக்கிறது. 38ஐ 270ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 14 வருகிறது. இதை இரும்புச் செறிவு விழுக்காடு என்கிறோம். ஆய்வகம் இதைக் கணக்கிட்டு அச்சிடவில்லை, பார்த்தவர்களும் கணக்கிடவில்லை. இது 20க்குக் கீழே போனாலே மஜ்ஜைக்குப் போதிய இரும்பு போய்ச் சேரவில்லை என்று பொருள்.

அப்படியானால் ஃபெரிட்டின் மட்டும் ஏன் 340? உடலில் எங்காவது கிருமித் தொற்றோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் தானாகவே உயரும். கல்லீரலும் ஹெப்சிடின் என்ற பொருளை அதிகமாகச் சுரந்து, சேமிப்பில் உள்ள இரும்பை வெளியே விடாமல் தடுக்கும். குடலிலிருந்து இரும்பு உள்ளே வருவதும் இதனாலேயே குறைகிறது. அதனால்தான் டயாலிசிஸ் நோயாளிக்கு இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் கொடுத்தும் பலன் தெரிவதில்லை, மலச்சிக்கல்தான் மிச்சம். ‘ஃபெரிட்டின் அதிகம், இரும்பு வேண்டாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவதை வாராவாரம் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. செறிவு 30 விழுக்காட்டுக்குள்ளும் ஃபெரிட்டின் 500க்குள்ளும் இருந்தால் நரம்பு வழி இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்று பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதல் 2012இலேயே சொல்லிவிட்டது. பிரிட்டனில் 2141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்திய ‘பிவோட்டல்’ ஆய்வு 2019இல் வெளியானது. மாதம் 400 மில்லிகிராம் இரும்பைத் தாராளமாகப் பெற்றவர்களுக்கு எரித்ரோபொய்ட்டின் குறைவாகவே தேவைப்பட்டது, ரத்தம் ஏற்றுவதும் குறைந்தது. மாரடைப்பு போன்ற பெரிய இதயச் சிக்கல்களையும் மரணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டபோது அவையும் குறைந்தன.

அப்பாவின் மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்: ‘செறிவு 14 விழுக்காடு இருக்கிறது, அயர்ன் சுக்ரோஸ் என்ற இரும்பு ஊசி கொடுக்கலாமா?’ வழக்கமாக ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் 100 மில்லிகிராம் வீதம் பத்து முறை, மொத்தம் 1000 மில்லிகிராம் கொடுப்பார்கள். வாரம் இரண்டு முறை என்றால் ஐந்து வாரத்தில் முடியும். சலைனில் கலந்து மெதுவாக ஏற்ற வேண்டும். முதல் முறை செவிலியர் பக்கத்தில் இருக்கட்டும்.

அதற்கு முன் கழுத்துக் குழாயைப் பற்றிப் பேசியாக வேண்டும். எட்டு மாதமாகியும் கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் அறுவையில் இணைப்பது) போடவில்லை என்பதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. குழாய் உள்ளவரை தொற்று எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கும், தொற்று இருந்தால் எவ்வளவு எரித்ரோபொய்ட்டின் போட்டாலும் மஜ்ஜை அசையாது. டயாலிசிஸ் தொடங்கிய அரை மணியில் அவருக்குக் குளிர் நடுக்கம் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் இரும்பு ஊசியைத் தள்ளிப்போட்டு, குழாயிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்யச் சொல்லுங்கள். நடுக்கம் இல்லாவிட்டாலும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. சோதனையை ஒரு முறை பார்த்துவிடலாம். ஃபிஸ்டுலாவுக்கு ரத்தநாள அறுவை நிபுணரிடம் இந்த மாதமே நாள் கேளுங்கள். அவரவர் பிரிவு அவரவருக்கு. டயாலிசிஸ் பிரிவு அறுவைப் பிரிவுக்குச் சீட்டு எழுதும், அவர்கள் ஸ்கேனுக்கு எழுதுவார்கள், ஸ்கேனுக்கு மூன்று வாரம் கழித்துத் தேதி. இடையில் நோயாளியின் மகள்தான் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். இப்படி இருக்கக் கூடாது. ஆனால் நீங்கள் அலையாவிட்டால் யாரும் அலைய மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன்.

அடுத்து, பாதி விலை ஊசிக்காரர். அவரிடம் இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எரித்ரோபொய்ட்டின் ஒரு புரத மருந்து. தொழிற்சாலையிலிருந்து உங்கள் அப்பாவின் உடம்புக்குள் போகும்வரை 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். உறையவும் கூடாது, குலுக்கவும் கூடாது. பைக் பெட்டியில் வந்த ஊசி எத்தனை மணி நேரம் வெயிலில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? வீரியம் போன மருந்தும் பார்வைக்குத் தெளிந்த நீராகவே இருக்கும். உண்மையான மருந்தே இப்படி வீணாகலாம் என்னும்போது போலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச விலை, கடைக்காரர் வாங்கும் விலை அதைவிட வெகுவாகக் குறைவு. ‘பாதி விலை’ என்பது உங்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல, அதிலும் அவருக்கு லாபம் இருக்கிறது. வாரம் இரண்டாக்கச் சொல்வதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை.

குளிர்பெட்டி உள்ள, உரிமம் பெற்ற மருந்துக் கடையில் பில்லோடு வாங்குங்கள். தொகுதி எண் பில்லில் இருக்க வேண்டும், பெட்டியில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். டயாலிசிஸ் அன்று காலையில் வாங்கி, ஐஸ் பை வைத்த டப்பாவில், ஊசி ஐஸ் மேல் நேராகப் படாதபடி துணி சுற்றிக் கொண்டுபோங்கள். வீட்டில் வைப்பதானால் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல. காலிப் பெட்டியை ஒரு மாதம் தூக்கிப் போடாதீர்கள். சந்தேகம் வந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் காட்ட அது ஒன்றுதான் சாட்சி. காப்பீட்டு அட்டையில் டயாலிசிஸ் செய்துகொடுத்துவிட்டு, இந்த ஊசிகளை மட்டும் வெளியே வாங்கி வரச் சீட்டு எழுதும் பழக்கம்தான் இந்த ஆட்களை வளர்த்தது. ரத்தசோகை சிறுநீரக நோயின் ஒரு பகுதி, அதைத் தனியாகக் கழற்றி நோயாளியின் தலையில் கட்டுவது அநியாயம். உங்கள் திட்டத்தில் இந்த ஊசி அடங்குமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் ‘இல்லை’ என்று சொல்வது அவர்களுக்குச் சுலபம்.

ரத்தம் ஏற்றுவதைப் பற்றி விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அம்மா சிறுநீரகம் தருவதாக இருக்கிறார். ஏற்றும் ரத்தத்தில் பிறருடைய திசு அடையாளங்கள் இருக்கும். உடல் அவற்றுக்கு எதிராக நோய் எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடலாம். நாளை அம்மாவின் ரத்தத்தோடு பொருத்தம் பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனையில் அந்த எதிர்ப்பொருள் குறுக்கே நின்றால், கையில் இருக்கும் ஒரு சிறுநீரகம் கைநழுவிப் போகும். ஒரு பாட்டில் ரத்தத்தால் ஹீமோகுளோபின் ஏறுவது ஏறத்தாழ 1 கிராம்தான். அதற்காக இவ்வளவு பெரிய பணயம் வைக்கலாமா?

ஆனால் இதில் ஒரு விலக்கு உண்டு, அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சுவலி வந்தாலோ, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சு வாங்கினாலோ, மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ, மாற்றுச் சிறுநீரகத்தை நினைத்து ரத்தத்தைத் தள்ளிப்போடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஏற்ற வேண்டும் என்று முடிவானால் மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள். வெள்ளணு நீக்கிய ரத்தம் கேளுங்கள். அது எதிர்ப்பொருள் உண்டாகும் வாய்ப்பைக் குறைக்கலாம், முழுதாக நீக்காது. முடிந்தவரை டயாலிசிஸ் ஓடும்போது ஏற்றட்டும், கூடுதல் நீரும் பொட்டாசியமும் அப்போதே வெளியேறிவிடும். மூன்றாவது: அம்மாவின் ரத்தத்தை ஒருபோதும் ஏற்றக் கூடாது. உங்கள் ரத்தமும் உங்கள் அண்ணன் தம்பியின் ரத்தமும் வேண்டாம். உங்கள் உடம்பில் பாதி அம்மாவின் திசு அடையாளம். பாசத்தோடு நீங்கள் கொடுக்கும் ரத்தமே அம்மாவின் சிறுநீரகத்துக்கு எதிரியைத் தயார் செய்துவிடும். ரத்த வங்கியில் இருப்பதைக் கேளுங்கள். ஏற்றிய செய்தியை மாற்றுச் சிகிச்சைக் குழுவிடம் மறைக்காதீர்கள், எதிர்ப்பொருள் சோதனையை அவர்கள் மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

எவ்வளவு ஏற வேண்டும்? 10 முதல் 11.5 வரை போதும். ஆய்வகத் தாளில் 13க்கு மேல் இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள், அது ஆரோக்கியமானவர்களுக்கு. சர்க்கரையோடு சிறுநீரக நோயும் உள்ள, டயாலிசிஸுக்கு வராத 4038 பேரிடம் நடந்த ‘ட்ரீட்’ ஆய்வு 2009இல் வெளியானது. ஊசி போட்டு 13ஐ எட்ட முயன்றவர்களுக்குப் பக்கவாதம் ஏறக்குறைய இரு மடங்கானது. ஒவ்வொரு ஊசிக்கும் முன் ரத்த அழுத்தம் பாருங்கள், இந்த மருந்து அதை ஏற்றக்கூடியது.

சிறுநீரக நோயால் வரும் ரத்தசோகைக்கான டெசிடுஸ்டாட் என்ற மாத்திரை 2022 முதல் இந்தியாவில் கிடைக்கிறது. யாராவது உங்களிடம் அதைச் சொல்லக்கூடும். அதற்கும் இரும்பு வேண்டும்.

பேரீச்சம்பழம், மாதுளைச் சாறு, முருங்கைக்கீரை சூப் என்று வீட்டில் தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள். வாரம் இரண்டே டயாலிசிஸ் செய்பவருக்கு அதில் வரும் இரும்பைவிடப் பொட்டாசியம்தான் பெரிது, அது இதயத்தை நிறுத்திவிடும். என்ன கலந்தது என்று தெரியாத லேகியமும் வேண்டாம்.

இரும்பு முடிந்து இரண்டு வாரம் கழித்து ஹீமோகுளோபினும் செறிவும் பாருங்கள். செறிவு ஏறியும் ஹீமோகுளோபின் 9ஐத் தொடாவிட்டால், அப்போது ஊசியின் அளவைக் கூட்டலாம். கூடவே பி.டி.ஹெச். (பாராதைராய்டு ஹார்மோன்), வைட்டமின் பி12, மலத்தில் மறைந்த ரத்தம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அப்பா ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ சாப்பிடுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.